சம்பளமில்லாத லீவு – 11: மேபல் டீச்சர் போட்ட கையெழுத்து

கிஷான் நேற்று மாலை சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போன தாள், காலை ஆறு மணிக்கும் அதே இடத்தில் இருந்தது. காற்றுக்குப் பறக்காமல் அம்மாவின் மருந்துப் போத்தல் அதன் மேல் நின்றது.

ஜெஸ்மின் போத்தலை எடுத்துவிட்டு இன்னொரு தடவை வாசித்தாள். பிரதேச சபைத் தேர்தல். சுயேச்சைக் குழு. வேட்பாளர் பெயர்: ஜெஸ்மின் சுவக்கின். தெல்தோட்டை முகவரி, அடையாள அட்டை இலக்கம் எல்லாம் சரியாகவே இருந்தன. தம்பி ஒரு பிழையும் விடவில்லை. அவளைக் கேட்க மட்டும்தான் மறந்துவிட்டான்.

"போட்டியா அக்கா?"

கிஷான் வாசலில் நின்றான். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரியிருந்தான். தெல்தோட்டை பஜாரில் போன் திருத்தும் கடை வைத்திருப்பவன் இத்தனை காலையில் இப்படி நிற்பது கிறிஸ்மஸ் அன்றுதான்.

"போடல. போடவும் மாட்டேன்."

"இன்னைக்குப் பன்னெண்டு மணியோட மனு எடுக்கிறத மூடிருவாங்க. லிஸ்ட்ல இத்தன பொம்பளைங்க இருக்கணும்னு சட்டம். நிரோஷா வீட்டுல விடல, அவ வெலகிட்டா. ஒரு ஆள் கொறைஞ்சாலும் மொத்த லிஸ்டையும் தூக்கி வீசிருவாங்க அக்கா. பதினெட்டுப் பேரு. நாலு மாசமா தோட்டத்து வீடுக, லயம் லயமா அலைஞ்சிருக்கோம்."

"அதுக்கு ஏன் என் பேர எழுதின?"

"நீதான் லீவுல இருக்கியே!"

இதைத்தான் நேற்றும் சொன்னான். இந்த வீட்டில் எல்லாரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பதினோரு மாதத்துக்கு முன்னால் அம்மா மேபல் டீச்சருக்குப் பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்தபோது, ஜெஸ்மின் ஜெனீவாவிலிருந்து அடுத்த விமானத்தில் வந்து இறங்கினாள். அகதி முகாம்களுக்குக் குடிநீர் கொண்டுபோகும் ஒரு சர்வதேச நிறுவனத்தில் அவளுக்குப் பன்னிரண்டு வருட வேலை. சம்பளமில்லாத விசேட விடுமுறைக்கு எழுதிப் போட்டாள். குடும்பக் காரணம், ஒரு வருடம் என்று அனுமதி வந்தது. அந்த ஒரு வருடம் அடுத்த மாதம் முடிகிறது. இன்னும் ஆறு மாதம் வேண்டுமென்று எழுதியிருந்தாள். டாக்டரின் கடிதத்தை இன்று மாலைக்குள் அனுப்பும்படி ஜெனீவாவிலிருந்து கேட்டிருந்தார்கள்.

"லீவுன்னா நான் அவங்க ஆள் இல்லைன்னு அர்த்தமில்ல கிஷான்."

"சம்பளம் குடுக்கிறாங்களா?"

"இல்ல."

"வருஷ லீவு சேருதா?"

"இல்ல. இன்கிரிமென்ட்டும் சேராது."

"அப்புறம் என்னா உரிமை அவங்களுக்கு ஒன் மேல?"

ஜெஸ்மின் தொலைபேசியை எடுத்து விதிக்கோவையைத் திறந்தாள். அந்தப் பக்கத்தை நேற்றே தேடி வைத்திருந்தாள். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனாள்.

"சம்பளம் இல்லாத லீவுல இருந்தாலும் சேவை அறுபடாது. எடுத்த சத்தியமும் அறுபடாது. எந்த நாட்டு அரசியலுக்கும் சாயாம இருப்பேன்னு சொல்லித்தான் வேலையில சேர்ந்தேன். இங்க பாரு, தனியாவே எழுதியிருக்கான். அரசியல் பதவிக்காக இந்த லீவு தர மாட்டோம்னு. நான் ஓட்டுப் போடலாம். அவ்வளவுதான். நிக்கவும் ஏலாது, நிக்கிறவங்களுக்காகப் பேசவும் ஏலாது."

"அப்ப ராஜினாமா பண்ணு."

"பன்னெண்டு வருஷத்தைப் பன்னெண்டு மணிக்குள்ள தூக்கிப் போடச் சொல்றியா?"

கிஷான் மேசையடிக்கு வந்தான். தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். மடித்த விதத்திலேயே கோபம் தெரிந்தது.

"நீ எப்படியும் போகப் போறவதான்" என்றான் கடைசியில். "அதைச் சொல்லிட்டுப் போ."

உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது. மேபல் டீச்சர் எழுந்துவிட்டார். எவ்வளவு நேரமாக விழித்திருந்தார் என்று இருவருக்கும் தெரியவில்லை.

* * *

முனாஸ் நானாவின் வாடகை வான் ஏழு மணிக்கு வந்தது. கண்டியில் எட்டரைக்கு கிளினிக். அதை முடித்துக்கொண்டு கிஷான் வேட்புமனு ஏற்கும் அரச அலுவலகமான கச்சேரிக்குப் போவான் என்பது ஏற்பாடு.

வான் கலஹா பஜாரைத் தாண்டியது. கிஷான் முன்னால் முனாஸ் நானாவின் பக்கத்தில் இருந்துகொண்டு அவனுடைய நண்பன் யுகேஷோடு போனில் கதைத்தான். யுகேஷ்தான் குழுவின் தலைவர். "வேற யாராச்சும் கேட்டுப் பாரு… டீச்சிங் அசிஸ்டன்ட் அக்கா?… சரி… சரி…" ஒவ்வொரு "சரி"க்கும் அவன் குரல் ஒரு படி இறங்கியது.

மேபல் டீச்சர் ஜன்னல் ஓரம் இருந்தார். நீல வொயில் சேலை, பாடசாலைக்குக் கட்டுகிற கட்டு. வலது கை மடியில் கிடந்தது. வளைவு வரும்போதெல்லாம் இடது கையால் முன் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, இந்தச் சேலை எதுக்கு? கிளினிக்குக்குத்தானே போறோம்."

"நல்லா இருக்கில்ல?"

"நல்லா இருக்கு."

"அப்ப சும்மா இரு."

கிளினிக்கில் டொக்டர் றமீஸா மேபல் டீச்சரை நடக்க வைத்தார். திரும்ப வைத்தார். கைத்தடியை வாங்கி வைத்துக்கொண்டு பத்து அடி வரச் சொன்னார். மேபல் டீச்சர் வந்தார். கடைசி இரண்டு அடியில் கால் கொஞ்சம் இழுத்தது. விழவில்லை. டொக்டர் விரலை மடக்கச் சொன்னபோது வலது கையில் இரண்டு விரல் மட்டும் மடங்கியது.

"மாஷா அல்லாஹ். போன மாசத்த விட எவ்வளவோ மேல்" என்றார் டொக்டர். "கை இன்னும் நாளெடுக்கும். மத்ததெல்லாம் நல்லம். பிரஷரும் அடங்கி இருக்குது."

பேனையை எடுத்துக்கொண்டு ஜெஸ்மினைப் பார்த்தார்.

"கடிதம் கேட்டீங்களே மகள். என்ன மாதிரி எழுதணும்?"

ஜெஸ்மின் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. டொக்டர் நல்ல மனுசி. பதினோரு மாதமாக ஒரு மகள் தாயைக் கையில் பிடித்து வருவதைப் பார்த்திருக்கிறார். 'முழுநேரப் பராமரிப்புத் தேவை' என்று எழுதச் சொன்னால் எழுதாமல் விட மாட்டார். மூன்று சொல். ஆறு மாதம்.

அந்த ஆறு மாதம் யாருக்கு?

ஜெனீவாவில் அவள் தனியாக இருந்தாள். வேலை முடிந்து வந்தால் கதவைத் திறக்கும் சாவிச் சத்தம்தான் முதல் சத்தம். இங்கே காலையில் எழும்பினால் மருந்து, தேத்தண்ணி, நடைப் பயிற்சி, பக்கத்து வீட்டுச் சண்டை. அவள் பெயரைக் கூப்பிட ஆட்கள் இருந்தார்கள். அதை விட்டுப் போக மனமில்லை. விண்ணப்பத்தில் அவள் அதை எழுதவில்லை. அம்மாவின் வலது பக்கத்தைத்தான் எழுதியிருந்தாள்.

"உள்ளதை எழுதுங்க டொக்டர்."

டொக்டர் எழுதினார். நோயாளி பெருமளவு குணமடைந்துள்ளார். தனித்து நடக்கிறார். அன்றாட வேலைகளுக்குப் பகுதி நேர உதவி போதும்.

மேபல் டீச்சர் தொண்டையைச் செருமினார்.

"டொக்டர், நான் கூட்டத்துக்கெல்லாம் போகலாமா?"

"கோயில் கூட்டமா டீச்சர்?"

"அந்த மாதிரிதான். கொஞ்சம் சத்தம் கூடவா இருக்கும். மூணு நாலு மணித்தியாலம் கதிரையில ஒக்காந்து இருக்கணும். எடைக்கிடை எழும்பிப் பேசணும்."

"தாராளமாப் போங்க. மருந்தை மட்டும் விட வேணாம். கத்திச் சண்டை புடிக்கவும் வேணாம்."

"முப்பது வருஷம் பிள்ளைங்களுக்குப் படிச்சுக் குடுத்திருக்கேன். கத்தாமலே சண்டை புடிக்கத் தெரியும்."

டொக்டர் சிரித்தார். ஜெஸ்மினுக்கு எதுவும் விளங்கவில்லை. அம்மா மாதாக் கோயில் பெண்கள் சங்கத்தைப் பற்றிப் பேசுகிறார் என்று நினைத்தாள்.

* * *

வெளியே வானுக்குப் பக்கத்தில் கிஷான் போனைக் காதில் வைத்தபடி அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தான். மணி பத்தே கால்.

"ஒருத்தரும் இல்லையா? … சரிடா. நான் வந்து நானே சொல்றேன் எல்லார்கிட்டயும்."

போனை வைத்துவிட்டு வானின் பக்கவாட்டில் சாய்ந்தான். அக்காவைப் பார்க்கவில்லை.

"கிஷான், என் பேர எழுதச் சொல்லு" என்றார் மேபல் டீச்சர்.

அவன் திரும்பினான். "என்னாம்மா?"

"யுகேஷ் கிட்ட சொல்லு. மேபல் சுவக்கின். வயசு அறுபத்து மூணு. ஓய்வு பெற்ற ஆசிரியை. அடையாள அட்டை கைப்பையில இருக்கு."

 முனாஸ் நானா வானின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்தார்.

"வேணாம்மா" என்றாள் ஜெஸ்மின். "ஒங்களுக்கு இது விளையாட்டில்ல. பத்து மாசத்துக்கு முன்னால ஒங்களால ஒரு வார்த்தை பேச முடியல. தேர்தல்னா வெயில், மழை, வாக்குவாதம், ஏசுறது, நோட்டீஸ். இன்னொரு தடவ வந்துச்சின்னா?"

"டொக்டர் என்னா சொன்னாங்க? நீ பக்கத்துலதானே இருந்த."

"அவங்களுக்குத் தேர்தல்னு தெரியாது!"

"அப்ப உள்ள போய்ச் சொல்லிட்டு வரவா?"

ஜெஸ்மின் கைப்பையை இறுகப் பிடித்தாள். பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் வேறொன்று. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"நீங்க தேர்தல்ல நின்னா, ஒங்களைப் பாத்துக்கணும்னு நான் எழுதின கடுதாசிக்கு என்னா அர்த்தம்மா? இன்னும் ஆறு மாசம் வேணும்னு கேட்டிருக்கேன். அம்மாவுக்கு ஏலாதுன்னு எழுதியிருக்கேன். நான் அங்க என்னா சொல்றது?"

"அது ஒன் கடுதாசி" என்றார் மேபல் டீச்சர். "இது என் கையெழுத்து."

கோபமில்லாமல்தான் சொன்னார். வகுப்பில் கணக்குத் தப்பாகப் போட்ட பிள்ளையிடம் சொல்கிற குரல்.

"நேத்து ரெண்டு பேரும் மேசையில சண்டை புடிச்சீங்க. ஒருத்தன் அக்கா பேரை எழுதுறான். ஒருத்தி மாட்டேங்கிறா. உள்ள ஒருத்தி படுத்திருக்காளே, அவளுக்கும் ஓட்டு இருக்கு, அடையாள அட்டை இருக்கு, ஒருத்தருக்கும் தோணல. எனக்குக் கைதான் வரல ஜெஸ்மின். வாய் நல்லா வருது."

"எதுக்கும்மா ஒங்களுக்கு இது?"

"கலாராணிய ஞாபகம் இருக்கா?"

இருவருக்கும் இருந்தது. மேல் பிரிவு லயத்துப் பிள்ளை. மேபல் டீச்சரிடம் படித்தவர்களிலேயே கெட்டிக்காரி. ஆசிரியர் கலாசாலை நேர்முகத்துக்கு அவளைக் கூப்பிட்ட கடிதம் தோட்டத்து ஆபீஸில் பதினாறு நாள் கிடந்தது. லயத்து வீடுகளுக்குத் தனி இலக்கம் கிடையாது. பாதைக்குப் பெயர் கிடையாது. நூற்று எண்பது குடும்பத்துக்கும் ஒரே முகவரி. கடிதம் அவள் கைக்கு வந்தபோது நேர்முகம் முடிந்து ஐந்து நாள்.

"அவ இப்ப கொழும்புல ஒரு துணிக்கடையில நிக்கிறா. ஒவ்வொரு பாதைக்கும் ஒரு பேரு, ஒவ்வொரு கதவுக்கும் ஒரு நம்பரு. அதைக் குடுக்க வேண்டியது பிரதேச சபை. முப்பது வருஷம் நான் மனு எழுதிக் குடுத்தேன். வாங்கி வச்சுக்கிட்டாங்க. இனிமே மனு வாங்குற பக்கம் போய் ஒக்காரணும்." மேபல் டீச்சர் கைத்தடியை வானுக்குள் வைத்தார். "ஏத்தி விடு கிஷான். நேரம் போகுது."

கிஷான் அக்காவைப் பார்த்தான். அனுமதி கேட்கிற பார்வையா, மன்னிப்புக் கேட்கிற பார்வையா என்று சொல்ல முடியாது.

ஜெஸ்மின் ஏறி உட்கார்ந்தாள்.

* * *

கச்சேரி வாசலில் கூட்டம். கட்சிக்கொரு கும்பல், கும்பலுக்கொரு கோப்பு. யுகேஷ் ஒரு சிவப்புக் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மரத்தடியில் நின்றான். வானிலிருந்து மேபல் டீச்சர் இறங்குவதைக் கண்டதும் ஓடி வந்தான்.

"டீச்சர், நெசமாவா?"

"பேர ஒழுங்கா டைப் பண்ணிக் கொண்டு வா. எழுத்துப் பிழை இருந்தா கையெழுத்துப் போட மாட்டேன்."

யுகேஷ் பின்பக்கம் இருந்த, டைப் அடித்துக் கொடுக்கும் கம்யூனிகேஷன் கடைக்கு ஓடினான். அவன் திரும்பி வந்தபோது மணி பதினொன்று இருபத்தைந்து. தாள் இன்னும் சூடாக இருந்தது.

வேட்பாளரின் கையெழுத்தைச் சமாதான நீதவான் ஒருவர் அத்தாட்சிப்படுத்த வேண்டும். தெல்தோட்டை இருளப்பன் ஜே.பி. காலையிலிருந்து மரத்தடிக் கதிரையில் இருந்தார். சட்டைப் பையில் ரப்பர் முத்திரை, மடியில் மைப்பெட்டி. பதினேழு பேருக்கும் முத்திரை குத்தி முடித்திருந்தார்.

அவர் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். மேபல் டீச்சரின் மடியில் கிடந்த வலது கையைப் பார்த்தார்.

"டீச்சர், எப்படிக் கையெழுத்துப் போடுவீங்க?"

"இடது கையால."

"அட்டையில இருக்கிறது வலது கையால போட்டது, இது வேற மாதிரி வருமே. பொறவு எதிர்க்கட்சிக்காரன் யாராச்சும் இது டீச்சர் போட்டது இல்லைன்னு சொன்னா?"

யுகேஷின் முகம் வெளுத்தது. கிஷான் மணியைப் பார்த்தான். பதினொன்று முப்பத்து நாலு.

"அதுக்குத்தானே நீங்க இருக்கீங்க ஜே.பி." என்றார் மேபல் டீச்சர். "ஆள் ஒண்ணுதானான்னு பாருங்க. படத்தைப் பாருங்க. நான் போடுறதைக் கண்ணால பாருங்க. பாத்துட்டு, என் முன்னால போட்டாங்கன்னு எழுதுங்க. வேற என்னா வேணும்?"

இருளப்பன் யோசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"சட்டப்படி சரிதான்" என்றார். "வாசிக்கிறேன், கேளுங்க."

உறுதிமொழியை அவர் முழுதாக வாசித்தார். மேபல் டீச்சர் ஒவ்வொரு வரிக்கும் தலையசைத்தார். பிறகு கோப்பை மடியில் வைத்து, பேனையை இடது கையில் எடுத்தார்.

தாள் நகர்ந்தது. வலது கையால் அழுத்திப் பிடிக்க முடியாது. பேனையின் முனை இழுத்த பக்கமெல்லாம் தாளும் போனது.

ஜெஸ்மினின் கை தானாக நீண்டது. தாளின் ஓரத்தைத் தொட ஒரு அங்குலம் இருக்கும்போது நின்றது. சுற்றிலும் ஆட்கள் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வேட்புமனுத் தாளின் மேல் ஒரு சர்வதேச ஊழியரின் விரல். அவள் கையை இழுத்துக்கொண்டாள். பெற்ற தாய்க்கு ஒரு தாளைப் பிடித்துக் கொடுக்க முடியாத கை அது. அந்த ஒரு நிமிடம் போல் அவளுடைய வேலை அவளுக்கு ஒருபோதும் பாரமாக இருந்ததில்லை.

மேபல் டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். பார்த்ததிலேயே விளங்கிக்கொண்டார்.

"கிஷான், நீ புடி. அக்காவுக்குச் சட்டம் இருக்கு."

கிஷான் முட்டி போட்டுத் தாளின் இரண்டு மூலையையும் பிடித்தான். மேபல் டீச்சர் எழுதத் தொடங்கினார். முதலாம் வகுப்புப் பிள்ளை அரிச்சுவடி எழுதுவது போல ஒவ்வொரு எழுத்தாக. மே. ப. ல். புள்ளி வைக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டார். சுவக்கின் என்று முடிக்க முழுதாக இரண்டு நிமிடம் ஆனது. சுவக்கின் அப்பாவின் பெயர்; அவர் செத்து ஆறு வருடம். அந்தப் பெயரை எழுதி முடித்துவிட்டு அம்மா அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருளப்பன் முத்திரையை மையில் தொட்டுக் குத்தினார்.

யுகேஷ் கோப்போடு படியேறி உள்ளே போனபோது பன்னிரண்டுக்குப் பதினெட்டு நிமிடம். வெளியே வந்தபோது பன்னிரண்டரை தாண்டியிருந்தது. ஆட்சேபம் சொல்லும் நேரமும் முடிந்தபின்தான் கடைசிச் செய்தி வந்தது. பட்டியல் ஏற்கப்பட்டது. பதினெட்டுப் பெயரும்.

கிஷான் சத்தமில்லாமல் அழுதான். பிறகு வெள்ளைச் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அக்காவிடம் வந்தான்.

"ஒன்னைக் கேக்காம எழுதினது தப்பு."

"தப்புதான்."

"நீ போயிருவியோன்னு பயந்துக்கிட்டு எழுதினேன். பேர் ஒருக்கா லிஸ்ட்ல வந்துட்டா நிப்பேன்னு நெனச்சேன்."

ஜெஸ்மின் அவனைப் பார்த்தாள். முப்பத்தொரு வயது. அவள் முதன்முதலில் விமானம் ஏறியபோது அவனுக்குப் பத்தொன்பது. அப்போதும் இப்படித்தான் நின்றான்.

"நான் மட்டும் என்னா செஞ்சேன்? அம்மாவுக்கு ஏலாதுன்னு எழுதி இங்கேயே இருக்கப் பாத்தேன்" என்றாள். "ரெண்டு பேரும் அடுத்தவங்க பேர எழுதித்தான் நமக்கு வேண்டியதக் கேட்டிருக்கோம்."

* * *

ஒரு சாப்பாட்டுக் கடையில் அம்மாவும் கிஷானும் யுகேஷும் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஜெஸ்மின் வானுக்குள் இருந்தபடி ஜெனீவாவுக்கு எழுதினாள். அங்கே அப்போதுதான் அலுவலகம் திறந்திருக்கும்.

நான்கு தடவை எழுதி நான்கு தடவை அழித்தாள். ஐந்தாவது தடவை சுருக்கமாக வந்தது. டாக்டரின் கடிதம் இணைக்கப்பட்டுள்ளது. என் தாயார் குணமடைந்துவிட்டார். ஆகவே விடுமுறையை நீடிக்கக் கேட்ட விண்ணப்பத்தை வாபஸ் பெறுகிறேன். என் தாயார் இன்று உள்ளூராட்சித் தேர்தலில் வேட்பாளராகியுள்ளார் என்பதையும் அறியத் தருகிறேன். அதில் எனக்குப் பங்கில்லை. பிரசாரத்தில் ஈடுபட மாட்டேன். என்னைப் பற்றி யாராவது படமோ புகாரோ அனுப்பினால் என்னைக் கேளுங்கள். நான் விளக்குவேன்.

அனுப்பு என்ற இடத்தை அழுத்தினாள். பசித்தது. கடைக்குள் போய் அம்மாவின் பக்கத்தில் இருந்து, பருப்பும் கத்தரிக்காய்க் கறியுமாக இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

* * *

செய்தி வானுக்கு முன்னாலேயே தெல்தோட்டைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. ஐந்து மணிக்கு வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. மேல் பிரிவிலிருந்து தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்த கையோடு பெண்கள் வந்திருந்தார்கள். கங்காணி வீட்டுக்காரர் வந்திருந்தார். பழைய மாணவர்கள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். கலாராணியின் தாய் மூக்காயி முன் கதிரையில் இருந்துகொண்டு டீச்சரின் வலது கையைத் தன் மடியில் வைத்து நீவிக்கொண்டிருந்தாள்.

முதலில் சுகம் விசாரிப்பாகத்தான் இருந்தது. பத்து நிமிடத்தில் யாரோ ஒருவர், "அப்ப டீச்சர், நம்ம ரோட்டைப் பத்தி என்னா செய்யப் போறீங்க?" என்று கேட்டார்.  எல்லாரும் டீச்சரின் பக்கம் திரும்பினார்கள்.

தேத்தண்ணிக் கோப்பைகளோடு வந்த ஜெஸ்மின் கதவடியில் நின்றாள். அது இனிச் சுகம் விசாரிப்பு இல்லை. கூட்டம்.

தட்டை மேசையில் வைத்துவிட்டுக் குசினி வழியாகப் பின்பக்கம் போனாள். அவள் பிறந்து வளர்ந்த வீட்டில், அவளுடைய தாய் பேசப்போகும் அறையில், அவளுக்கு இருக்க இடமில்லை. காலையில் என்றால் இதற்குக் கோபப்பட்டிருப்பாள். இப்போது தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே கதிரை நகரும் சத்தம் கேட்டது. அம்மா எழுந்து நிற்கிறார்.

"ரோட்டைக் கட்டாயம் கேப்போம். அதுக்கு முன்னால ஒரு விசயம் கேக்குறேன். இங்க இருக்கிறவங்கள்ல யாருக்கெல்லாம் சொந்த விலாசம் இருக்கு? கைய ஒசத்துங்க பாப்போம்."

யாரும் கையை உயர்த்தியிருக்க மாட்டார்கள். அந்த அமைதி பின்பக்கம் வரை வந்தது.

"சரி. அங்க இருந்து ஆரம்பிப்போம்."

குரல் சிதறவில்லை. சில சொற்கள் மெதுவாக வந்தன. வந்த சொல் ஒன்றும் தவறி விழவில்லை. இந்தப் பதினோரு மாதத்தில் ஜெஸ்மின் அந்தக் குரலை இவ்வளவு நீளமாகக் கேட்டதில்லை. தான் பக்கத்தில் இருந்து தாங்கிப் பிடித்த ஆள் இவர்தானா என்று சந்தேகம் வந்தது.

மடியில் போன் அதிர்ந்தது. ஜெனீவா.

ஆளணிப் பிரிவிலிருந்து நான்கு வரி. உங்கள் நேர்மைக்கு நன்றி. விண்ணப்பம் வாபஸ் பெறப்பட்டதாகப் பதிவு செய்துள்ளோம். அடுத்த மாதம் ஏழாம் திகதி வேலைக்குத் திரும்பவும். அதோடு ஒரு விஷயம்: குடிநீர்ப் பிரிவு ஜூலையில் நைரோபிக்கு மாற்றப்படுகிறது. பிரிவோடு நைரோபிக்குப் போவதா, ஜெனீவாவிலேயே வேறொரு வேலை கேட்பதா என்பதை நாளை மாலைக்குள் தெரிவிக்கவும்.

ஜெஸ்மின் இரண்டு தடவை வாசித்தாள். நைரோபி. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, ஒரு முகாமுக்குப் போகும் வழியில், அந்த விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் இருந்திருக்கிறாள். சிவப்பு மண் ஞாபகம் இருந்தது. முகாமில் குழாயைத் திறந்ததும் வரிசையில் நின்றவர்கள் போட்ட சத்தமும் ஞாபகம் இருந்தது. அதற்குப் பிறகு எட்டு வருடமாக அவள் பார்த்ததெல்லாம் கணினித் திரையில் வரைபடங்கள்தான்.

குசினிக் கதவு திறந்தது. கிஷான் இரண்டு கோப்பைத் தேத்தண்ணியோடு வந்தான். ஒன்றை அவளிடம் நீட்டினான்.

"உள்ள வரக் கூடாதா நீ?"

"கூடாது."

"தேத்தண்ணி குடிக்கலாமா?"

"அதுக்கு விதி இல்ல."

அவன் தொட்டி விளிம்பில் பக்கத்தில் உட்கார்ந்தான். உள்ளே யாரோ கைதட்டினார்கள். இன்னொருவர் சேர்ந்துகொண்டார். கிஷானின் கண் அவளுடைய மடியில் எரிந்துகொண்டிருந்த திரையில் விழுந்தது.

"பதில் வந்துருச்சா? என்னா சொல்றாங்க?"

"வரச் சொல்றாங்க."

 அவன் மெதுவாகத் தலையாட்டினான். "போ அக்கா. அம்மாவ நான் பாத்துக்கிறேன். இல்லாட்டி அம்மா என்னையப் பாத்துக்குவாங்க." சிரிக்கப் பார்த்தான். "எப்ப ஜெனீவாவுக்கு டிக்கட் போடணும்?"

ஜெஸ்மின் போனைக் கவிழ்த்து வைத்தாள். தேத்தண்ணியை ஒரு வாய் குடித்தாள்.

"ஜெனீவாவுக்குன்னு யார் சொன்னது?" என்றாள்.